தனியார் பள்ளியிலிருந்து ஸ்டேட் சிக்ஸ்த் ஃபார்முக்கு: இங்கிலாந்துத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீதம் வாட் வரி வந்தது. அதற்கப்புறம் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், நியூ மால்டன் பக்கம் எந்தக் கல்யாண ரிசப்ஷனுக்குப் போனாலும் சாப்பாட்டு மேசையில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது: 16 வயதில் ஜிசிஎஸ்இ தேர்வு முடிந்ததும் பிள்ளையை ஸ்டேட் சிக்ஸ்த் ஃபார்மில், அதாவது அரசுப் பணத்தில் நடக்கும் கடைசி இரண்டு வருஷ மேல்வகுப்பில், போட்டுவிடலாமா? போடலாம். வரி வருவதற்கு முன்பும் பலர் அப்படி மாற்றியிருக்கிறார்கள். அங்கே படிக்கும் ஏ லெவல் எல்லோருக்கும் புதிதாகத் தொடங்குவதால், பள்ளி மாற்றுவதற்கு 16 வயதை விடத் தோதான நேரம் கிடையாது.

இதைப் பெற்றோருக்காகத்தான் எழுதுகிறேன். இங்கே வளர்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் இவ்வளவு நீளமான தமிழைப் படிக்கப் போகிறார்கள்? நீங்கள் படித்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டின்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சொல்லுங்கள்.

பாடத்திட்டமும் தேர்வுத்தாளும் இரண்டு இடத்திலும் அதேதான். ஏக்யூஏ, எடெக்ஸெல், ஓசிஆர் என்ற அதே தேர்வு போர்டுகள். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. தனியார் பள்ளியில் உதவி பிள்ளையைத் தேடி வரும். ஸ்டேட்டில் பிள்ளை உதவியைத் தேடிப் போகவேண்டும். கீழே வரும் படிகள் பெரும்பாலும் இந்த ஒன்றைப் பழகுவதற்குத்தான்.

படி 1: நோட்டீஸ் தேதியைப் பாருங்கள்

பள்ளியோடு போட்ட ஒப்பந்தத்தை அலமாரியிலிருந்து எடுங்கள். பெரும்பாலான தனியார் பள்ளிகள் ஒரு முழு டேர்ம் நோட்டீஸ் கேட்கும். இயர் 11 (ஜிசிஎஸ்இ எழுதும் வருஷம்) முடிந்து விலகவேண்டுமென்றால், பொதுவாக சம்மர் டேர்மின் முதல் நாளுக்கு முன்பே, அதாவது ஈஸ்டர் விடுமுறைக்குள், எழுத்து மூலம் சொல்லியிருக்க வேண்டும். சில பள்ளிகள் இன்னும் முன்னாலேயே கேட்கும். தேதி தவறினால், பிள்ளை காலடி வைக்காத செப்டம்பர் டேர்முக்கும் முழுக் கட்டணம் கட்டவேண்டி வரும்.

சிக்கல் என்னவென்றால், ஜிசிஎஸ்இ ரிசல்ட் ஆகஸ்ட் பிற்பாதியில் ஒரு வியாழக்கிழமைதான் வருகிறது. ஸ்டேட் சிக்ஸ்த் ஃபார்ம் தருவது அந்த ரிசல்ட்டைப் பொறுத்த நிபந்தனை இடம். கையில் இருக்கும் இடத்தை ஏப்ரலில் விட்டுவிட்டு, புது இடம் உறுதியாக ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டும். அதனால் ஒரே இடத்தை நம்பாதீர்கள். எட்டிப் பிடிக்கவேண்டிய ஒன்று, நிச்சயம் கிடைக்கக்கூடிய ஒன்று என்று குறைந்தது இரண்டு நிபந்தனை இடங்களாவது இருக்கட்டும்.

செகண்டரி சேர்க்கைக்குப் போட்டதுபோல கவுன்சிலுக்கு ஒரே படிவம் போட்டால் முடிந்தது என்று நினைக்கவேண்டாம். பெரும்பாலும் ஒவ்வொரு பள்ளிக்கும் காலேஜுக்கும் நேரடியாகத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். இயர் 11-இன் இலையுதிர் காலத்தில் ஓப்பன் ஈவினிங். பல இடங்களில் டிசம்பர், ஜனவரிக்குள் கடைசித் தேதி. பள்ளியின் சிக்ஸ்த் ஃபார்மில் 'மீட்டிங்' என்று கூப்பிட்டால் பயப்படத் தேவையில்லை. எந்தப் பாடம் எடுக்கலாம் என்று பேசத்தான் அது. அங்கே இன்டர்வியூ வைத்து ஆள் பொறுக்க ஸ்டேட் பள்ளிகளுக்கு அட்மிஷன் விதிகள் இடம் தருவதில்லை. இடம் மறுத்தால் அப்பீல் செய்யும் உரிமையும் உண்டு. சிக்ஸ்த் ஃபார்ம் காலேஜ்கள் இந்த விதிகளுக்குள் வராது.

படி 2: பள்ளியா, காலேஜா?

ஸ்டேட் என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோமே தவிர, உள்ளே பல ரகம். 11 வயதிலிருந்து நடக்கும் பள்ளியின் மேல்வகுப்பாக இருக்கும் சிக்ஸ்த் ஃபார்ம் ஒன்று. 16 முதல் 19 வயதுக்காரர்களுக்கென்றே தனியாக நடக்கும் சிக்ஸ்த் ஃபார்ம் காலேஜ் இன்னொன்று. முதல் காலேஜ் 1966-இல் லூட்டனில் தொடங்கியது. கேம்பிரிட்ஜின் ஹில்ஸ் ரோடு, வின்செஸ்டரின் பீட்டர் சைமண்ட்ஸ் இந்த வகையில் பேர்போனவை. ஸ்ட்ராட்ஃபோர்டில் உள்ள லண்டன் அகாடமி ஆஃப் எக்ஸலன்ஸ், ஹாரிஸ் வெஸ்ட்மின்ஸ்டர், கிங்ஸ் காலேஜ் லண்டன் மேத்ஸ் ஸ்கூல் போல 2010-களில் வந்த போட்டி கடுமையான இடங்களும் உண்டு. 11 வயதில் நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கும் கிராமர் பள்ளிகள் பலவும் இயர் 12-இல் வெளிப்பிள்ளைகளை எடுக்கின்றன. அங்கே பார்ப்பது பெரும்பாலும் ஜிசிஎஸ்இ கிரேடைத்தான். அந்த 11 பிளஸ் தேர்வில் நழுவியதை 16-இல் பிடிக்கலாம் என்பது பல வீடுகளில் தெரியவே தெரியாது.

எது சிறந்தது என்ற பட்டியலைப் பார்ப்பதை விட, உங்கள் பிள்ளையின் குணத்தைப் பாருங்கள். பள்ளி சிக்ஸ்த் ஃபார்மில் பெரும்பாலோர் இயர் 7-இலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். புதிதாக வருகிறவர் அந்தக் கூட்டத்துக்குள் நுழையவேண்டும். காலேஜில் எல்லோருமே புதுசு; முதல் வாரம் எல்லோருக்கும் ஒரே தவிப்பு. கூச்ச சுபாவம் என்றால் எனக்குக் காலேஜ்தான் நல்லதாகப் படுகிறது. ஆனால் யாராவது விரட்டினால்தான் ஹோம்வொர்க் செய்யும் பிள்ளை என்றால் காலேஜின் சுதந்திரம் ஆபத்து. பள்ளியில் டியூட்டரின் (பிள்ளைக்குப் பொறுப்பான பள்ளி ஆசிரியர்) கண் கொஞ்சம் அதிகம் படும்.

பாடங்களையும் சரிபாருங்கள். லத்தீன், கிரேக்கம் போன்றவை பல ஸ்டேட் இடங்களில் கிடையாது. அதற்குப் பதில் சட்டம், சமூகவியல், ஃபிலிம் ஸ்டடீஸ் இருக்கும். இன்ஜினியரிங் கனவு இருந்தால் 'ஃபர்தர் மேத்ஸ் (கணக்கில் இரண்டாவது ஏ லெவல்) போன வருஷம் உண்மையில் நடந்ததா?' என்று கேளுங்கள். பிராஸ்பெக்டஸில் பெயர் இருக்கும். ஆள் சேராததால் வகுப்பு நடக்காமல் போயிருக்கும்.

படி 3: ரிசல்ட்டுக்கும் செப்டம்பருக்கும் நடுவில்

சேர்க்கை அநேகமாக ரிசல்ட் அன்றோ அடுத்த ஓரிரு நாளிலோ நடக்கும். அந்த வாரம் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தால் பிரச்சினை. நல்லூர்த் திருவிழாவும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் வருகிறது என்பது தெரிந்ததே. பயணம் போட்டேயாக வேண்டுமென்றால், நேரில் வராமல் சேர முடியுமா என்று ஜூனிலேயே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷங்களுக்கும் ஒரு எச்சரிக்கை: தனியார் பள்ளி ஜூலை தொடக்கத்திலேயே மூடிவிடும், ஸ்டேட் ஜூலை மூன்றாம் வாரம் தாண்டியும் நடக்கும். இரண்டு வார அக்டோபர் விடுமுறையும் பெரும்பாலும் ஒரு வாரமாகச் சுருங்கிவிடும். டிக்கெட் போடும்முன் புது காலண்டரைப் பாருங்கள்.

தேர்வில் கூடுதல் நேரம் பெற்ற பிள்ளையாக இருந்தால் ஜூன் மாதத்துக்குள் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. கூடுதல் நேரம் தானாகப் புதுப் பள்ளிக்கு வந்துவிடாது. புதுப் பள்ளி மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். பழைய பள்ளியின் சென்கோவிடம் (சிறப்பு உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கான பொறுப்பாசிரியர்) 'ஃபார்ம் 8' என்ற படிவத்தையும் வகுப்பில் எப்படி உதவி கொடுத்தார்கள் என்ற குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். காசு கொடுத்து எடுத்த சைக்காலஜிஸ்ட் அறிக்கையை மட்டும் நீட்டினால் போதாது. அந்த உதவிதான் பிள்ளையின் வழக்கமான வேலைமுறை என்று பள்ளி காட்டியாக வேண்டும்.

மற்றவை சின்ன வேலைகள். லண்டனில் இருப்பவர்கள் 16+ ஸிப் ஆய்ஸ்டர் கார்டுக்கு விண்ணப்பியுங்கள், பஸ் இலவசம். 16 வயதுக்குப் பிறகும் படிப்பு தொடர்கிறது என்று வரித்துறையான எச்எம்ஆர்சிக்குச் சொல்லாவிட்டால் சைல்ட் பெனிஃபிட் ஆகஸ்ட் 31-ஓடு நின்றுவிடும். வருமானம் குறைவென்றால் 16 டு 19 பர்சரி என்ற உதவித்தொகை பற்றிக் காலேஜில் கேளுங்கள். தனியார் பள்ளியிலிருந்து வந்தவர் கேட்கக்கூடாது என்று ஒன்றுமில்லை. கட்டணம் கட்டி ஓய்ந்த குடும்பங்கள்தான் பலவும்.

கோடையில் தரும் 'பிரிட்ஜிங் ஒர்க்' என்ற பயிற்சித் தாளை அலட்சியம் செய்யவிடாதீர்கள். செப்டம்பர் முதல் வாரங்களில் பல இடங்களில் அதை வைத்துத்தான் ஒரு சோதனை வைப்பார்கள். தனியார் பள்ளிப் பிள்ளைகள் பலர் ஜிசிஎஸ்இயின் சர்வதேச வடிவமான ஐஜிசிஎஸ்இ எழுதியவர்கள். எடெக்ஸெல் ஐஜிசிஎஸ்இ கணக்கில் டிஃபரென்ஷியேஷன் வந்துவிடுகிறது; சாதாரண ஜிசிஎஸ்இ கணக்கில் அது கிடையாது. அதனால் கால்குலஸ் தொடங்கும்போது உங்கள் பிள்ளைக்கு 'இதெல்லாம் தெரிந்ததுதானே' என்று தோன்றும். அந்தச் சௌகரியம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதற்குள் வகுப்பில் கவனிக்காத பழக்கம் வந்திருக்கும்.

படி 4: முதல் ஆறு வாரம்

வழிகாட்டியில் முக்கியமான பகுதி இதுதான். அரசாங்கம் ஒரு மாணவருக்கான பணத்தைக் கொடுக்க, அந்த மாணவர் படிப்பில் குறைந்தது 42 நாள் இருந்திருக்க வேண்டும். அந்த ஆறு வாரத்துக்குள் பாட மாற்றம், வகுப்பு மாற்றம், 'இது நமக்குச் சரிப்படாது' என்ற பேச்சு எல்லாம் எளிதில் நடக்கும். அதற்குப் பிறகு கதவு மெல்ல மூடும். அதனால் இரண்டாம் வாரத்திலேயே பிள்ளையிடம் கேளுங்கள்: மூன்று பாடத்தில் எது வேண்டாம் போலிருக்கிறது?

தனியார் பள்ளியின் சிறிய வகுப்பில் படித்த பிள்ளை 20-க்கு மேற்பட்டவர்களோடு உட்காரும். 'ஆசிரியருக்கு என் பேர்கூடத் தெரியல' என்று முதல் வாரம் வந்து சொன்னால் பதற வேண்டாம். ஒரே ஆசிரியர் பல வகுப்பு எடுக்கிறார். 2025-26-இல் ஒரு முழுநேர மாணவருக்கு அரசு கொடுக்கும் அடிப்படைத் தொகை வருஷத்துக்கு 5,105 பவுண்டு. லண்டன் பக்கத்துத் தனியார் பள்ளி பலவற்றில் ஒரு டேர்ம் கட்டணமே அதைவிட அதிகம். ஆள் குறைவு, பிரிண்ட் எடுத்த தாள் குறைவு, விரட்டுவது குறைவு எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. ஆசிரியரின் அக்கறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அப்படிப்பட்ட இடத்தில் உதவி கேட்பது ஒரு திறமை. கெமிஸ்ட்ரி வகுப்பு முடிந்து அடுத்த கூட்டம் வாசலில் நிற்கும்போது, ஆசிரியருக்கு நாலு நிமிஷம் இருக்கும். 'சார், மோல்ஸ் புரியல' என்றால் அவர் ஒரு வீடியோ லிங்க் சொல்லி அனுப்பிவிடுவார். 'கேள்வி 4-இல் பி பகுதி. இங்கே ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம் எங்கிருந்து வந்தது?' என்று போட்ட கணக்கைத் திறந்து காட்டினால், நின்ற இடத்திலேயே பேனாவை எடுத்து எழுதிக் காட்டுவார். பேரும் ஞாபகம் வைத்துக்கொள்வார். பெரும்பாலான இடங்களில் மதியமோ வகுப்பு முடிந்தோ 'டிராப் இன்' அல்லது 'சப்போர்ட்' நேரம் வைத்திருப்பார்கள். கட்டாயமில்லை என்பதால் ஆள் வரமாட்டார்கள். போகிற ரெண்டு மூன்று பேருக்குத் தனியார் பள்ளியில் கிடைத்த கவனம் அப்படியே கிடைக்கும், காசில்லாமல். இதை உங்கள் பிள்ளை காதில் எத்தனை தடவை போட்டாலும் தகும்.

சில காலேஜ்களில் ஆசிரியரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது வாயில் வராது. 'எக்ஸ்கியூஸ் மீ' என்றே இரண்டு மாதம் ஓட்டுவார்கள். பழகிவிடும். யூனிஃபார்ம் இல்லாத இடத்தில் கழுத்தில் தொங்கும் லேன்யார்ட்தான் நுழைவுச் சீட்டு. மறந்து போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள்.

படி 5: காலியாகத் தெரியும் டைம் டேபிள்

'என்னடா, செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கே வந்துட்ட?'
'ஃப்ரீ பீரியட்மா. அப்புறம் கிளாஸே இல்ல.'
'இதுக்கா அங்க சேர்த்தோம்?'

இந்த உரையாடல் பல வீட்டில் நடக்கிறது. மூன்று ஏ லெவலுக்கு வாரம் 15 மணி நேரம் போல வகுப்பு இருப்பது சகஜம். காலை முதல் மாலை வரை அடைத்துவைத்து, சனிக்கிழமையும் பாடம் நடத்திய பள்ளியிலிருந்து வந்தவருக்கு இது விடுமுறை போலத் தெரியும். தனியார் பள்ளியில் யாரோ ஒருவர் 'பிரெப்' நேரம் என்று உட்கார வைத்தார். இனி அந்த நேரத்தைப் பிள்ளையே கட்ட வேண்டும்.

நான் பார்த்தவரை நன்றாக வேலை செய்யும் முறை ஒன்றுதான்: ஃப்ரீ பீரியடில் வீட்டுக்கு வராமல் லைப்ரரியில் உட்காருவது. ஒவ்வொரு ஃப்ரீ பீரியடுக்கும் டைம் டேபிளிலேயே ஒரு பாடத்தின் பேரை எழுதிவிட வேண்டும். செவ்வாய் மூன்றாம் பீரியட் பயாலஜி நோட்ஸ், வியாழன் கடைசிப் பீரியட் கணக்கு என்கிற மாதிரி. வீட்டுக்கு வந்தால் ஃபிரிட்ஜ், சோஃபா, போன் என்ற வரிசைதான். வாரத்துக்கு இவ்வளவு நேரம் சொந்தப் படிப்பு என்ற கணக்கை டியூட்டர் சொல்வார். வகுப்பு நேரத்துக்கு ஈடாக என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு.

நேரம் மிச்சமிருந்தால் ஈபிக்யூ எடுக்கலாம். பிள்ளையே தலைப்பைத் தேர்ந்து 5,000 வார்த்தை அளவில் எழுதும் ஆய்வு. அரை ஏ லெவல் மதிப்பு. ஐந்து பாடம் எடுக்கத் துடிக்கும் வீடுகளுக்கு என் பதில் இதுதான்.

டியூஷன் பற்றி ஒரு வார்த்தை. செப்டம்பரில் முதல் சோதனையில் டி கிரேடு வந்ததும், நம்மவர்களின் கை தானாக டியூஷன் வாத்தியார் நம்பரைத் தேடும். அரை டேர்ம் விடுமுறை வரை பொறுங்கள். அந்த டி பெரும்பாலும் எல்லோருக்கும் வருவது. ஜிசிஎஸ்இக்கும் ஏ லெவலுக்கும் இடையிலுள்ள உயரம் அது. உடனே டியூஷன் வைத்தால் பிள்ளை வகுப்பில் கேட்கும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளாது. உதவி மறுபடியும் தேடி வர ஆரம்பித்துவிடும். சப்போர்ட் நேரத்துக்கு ஒழுங்காகப் போயும் நவம்பரில் அதே நிலை என்றால் டியூஷன் வையுங்கள், அதில் தப்பில்லை.

படி 6: நட்பு

'எந்த ஸ்கூல்ல இருந்து வந்த?' என்ற கேள்வி முதல் நாளே வரும். பள்ளிப் பெயரைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவதே நல்லது. ஒளித்தால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பேச்சு வழக்கைக் கிண்டல் செய்வார்கள், 'பாஷ்' (பணக்காரத் தோரணை) என்பார்கள். பெரும்பாலும் அது இரண்டு வாரக் கூத்து. எரிச்சலூட்டுவது வேறு: 'எங்க பழைய ஸ்கூல்ல இப்படி இல்ல' என்ற வாக்கியம். அதை மட்டும் வாயிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருகிறவர் வார இறுதியில் சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்ப்பார், தம்பி தங்கையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவார். ஸ்கீயிங் கதை அங்கே எடுபடாது.

நல்லது ஒன்றும் நடக்கும். தனியார் பள்ளியில் வகுப்பிலேயே ஒரே தமிழ்ப் பிள்ளையாக இருந்தவர், லண்டன் ஸ்டேட் சிக்ஸ்த் ஃபார்ம் பலவற்றில் தன் பேரைச் சுருக்காமல் முழுசாகச் சொல்லும் ஆட்களைப் பார்ப்பார்.

விளையாட்டும் இசையும் குறையும்; அதை மறைப்பதற்கில்லை. புதன் மதியம் கட்டாய விளையாட்டு என்பது போய்விடும். கிரிக்கெட்டோ நீச்சலோ தொடரவேண்டுமென்றால் ஊர் கிளப்பில் ஜூலையிலேயே சேருங்கள். டியூக் ஆஃப் எடின்பரோ விருதில் பாதியில் நின்றிருந்தால் ஆன்லைன் கணக்கைப் புது இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். டிபேட் கிளப் இல்லையா? பிள்ளையே தொடங்கலாம். ஒரு அறையும் ஒரு ஆசிரியரின் சம்மதமும் போதும்.

படி 7: பெற்றோர் ஒரு படி பின்னால்

கட்டணம் கட்டியபோது ஒரு மின்னஞ்சல் போட்டால் அன்று மாலையே பதில் வந்தது. இங்கே அப்படி வராது. பேரன்ட்ஸ் ஈவினிங் பல இடங்களில் ஆன்லைனில், பாடத்துக்கு ஐந்து நிமிஷம். நேரம் முடிந்தால் திரை தானாக அணைந்துவிடும். 'எப்படிப் படிக்கிறான்?' என்று கேட்டு அந்த ஐந்து நிமிஷத்தை வீணாக்காதீர்கள். 'ஒரு கிரேடு ஏற அடுத்த மாதம் எதைச் செய்யவேண்டும்?' என்று கேளுங்கள்.

எதற்கெடுத்தாலும் தலைமையாசிரியருக்கு எழுதும் வழக்கமும் வேண்டாம். முதலில் பாட ஆசிரியர், பிறகு டியூட்டர், அதற்கும் மேலே ஹெட் ஆஃப் சிக்ஸ்த் ஃபார்ம். சாதாரண விஷயத்துக்குப் பிள்ளையே எழுதட்டும். ஆனால் நீங்கள் விட்டுக்கொடுக்கக்கூடாத இடம் ஒன்று உண்டு. இயர் 12-இல் கிரேடு குறைந்தது என்ற காரணத்துக்காக மட்டும் இயர் 13-க்கு விடமாட்டோம் என்று ஸ்டேட் பள்ளி சொல்ல முடியாது. 2017-இல் ஆர்ப்பிங்டனின் செயின்ட் ஓலேவ்ஸ் கிராமர் பள்ளி அப்படிச் செய்தபோது பெற்றோர் சட்டப்படி எதிர்த்தார்கள், பள்ளி பின்வாங்கியது. அப்படி யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

உறவினர் கேள்விக்கும் தயாராக இருங்கள். 'ஏன் பிரைவேட்ல இருந்து எடுத்தீங்க, ஏதாவது கஷ்டமா?' என்று கோயில் வாசலில் கேட்பார்கள். பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது நீங்கள் சொல்லும் பதிலைத்தான் அது நம்பும். மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்லாதீர்கள்.

படி 8: யூனிவர்சிட்டி

'ஸ்டேட்டில் போட்டால் ஆக்ஸ்ஃபோர்டு சுலபம்' என்ற பேச்சை நம்பி மாற்றாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஜிசிஎஸ்இ மார்க்கை, அது எடுக்கப்பட்ட பள்ளியின் நிலையோடு சேர்த்துத்தான் பார்க்கிறது. கிரேடு குறைத்துத் தரும் சலுகை இடங்களுக்குப் பல யூனிவர்சிட்டிகள் வீட்டு போஸ்ட்கோடு, இலவசப் பள்ளி உணவு, ஜிசிஎஸ்இ எடுத்த பள்ளி என்று பல விஷயம் பார்க்கும். இரண்டு வருஷத்துக்கு முன் பள்ளி மாறியது மட்டும் பெரிதாக உதவாது.

கவலைப்படவேண்டியது வேறு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவத்துக்கு யூகாஸ் (யூனிவர்சிட்டி விண்ணப்பங்களை வாங்கும் அமைப்பு) வைக்கும் கடைசித் தேதி இயர் 13-இன் அக்டோபர் 15. அதற்குள் பிரெடிக்டட் கிரேடு, அதாவது ஏ லெவலில் என்ன வரும் என்ற ஆசிரியர்களின் கணிப்பு, முடிவாகியிருக்கும். புதுப் பள்ளி ஆசிரியர்களுக்கு உங்கள் பிள்ளையை ஒரு வருஷம்தான் தெரியும். அவர்கள் கையில் இருக்கும் பெரிய ஆதாரம் இயர் 12 கடைசியில் வைக்கும் உள்தேர்வு. அதனால் மே, ஜூன் தேர்வை 'உள்தேர்வுதானே' என்று விடாதீர்கள். மருத்துவம் என்றால் யூகேட் என்ற நுழைவுத் தேர்வு கோடையில் தொடங்கி செப்டம்பரில் முடிகிறது. பல ஸ்டேட் பள்ளிகளில் அதற்குத் தனிப் பயிற்சி இருக்காது. யூகேட் இணையதளத்திலேயே இலவச மாதிரித் தேர்வுகள் இருக்கின்றன. 2026 சேர்க்கையிலிருந்து, விண்ணப்பத்தில் பிள்ளை தன்னைப் பற்றி எழுதும் பர்சனல் ஸ்டேட்மென்ட் மூன்று கேள்விக்கான பதிலாக மாறிவிட்டது; எல்லாம் சேர்த்து 4,000 எழுத்து. அண்ணன், அக்கா எழுதிய பழைய கட்டுரையை மாதிரியாக வைக்கவேண்டாம். ஒர்க் எக்ஸ்பீரியன்ஸுக்குத் தனியார் பள்ளியின் பழைய மாணவர் வட்டம் இனி கைகொடுக்காது. மருத்துவமனை, முதியோர் இல்லம், கவுன்சில் என்று பிள்ளையே இயர் 12 கிறிஸ்துமஸுக்குள் எழுதத் தொடங்கட்டும், பதில் வர மாதக்கணக்கில் ஆகும்.